‘சிரியாவைப் பற்றி ஏன் பேசவில்லை?’ என்று கேட்டால்

கேள்வி: காஸா போரில் இஸ்ரேலைக் குறை சொன்னால், ‘சிரியாவில் மக்கள் செத்தபோது எங்கே போயிருந்தாய்? ஜனநாயக நாட்டுக்கு மட்டும் தனி அளவுகோலா?’ என்று நண்பர்கள் மடக்குகிறார்கள். என்ன பதில் சொல்வது?

பதில்: அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள். ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சில் 2007-இல் இஸ்ரேல் ஆக்கிரமித்த பகுதிகளைத் தன் நிகழ்ச்சி நிரலில் நிரந்தரமாகச் சேர்த்தது. வேறு எந்த நாட்டுக்கும் அப்படித் தனி இடம் இல்லை. அன்றைய பொதுச்செயலாளர் பான் கி மூனே இதற்கு ஏமாற்றம் தெரிவித்தார்.

ஆனால் அந்தக் கேள்வி குறை சொல்பவரின் யோக்கியதையைப் பற்றியது. குண்டு விழுந்த தெருவில் என்ன நடந்தது என்பதற்கு அது பதிலாகாது. வீடு பற்றி எரிகிறது என்று திருடனே கத்தினாலும், எரிகிறதா என்று ஓடிப் பார்க்கத்தான் வேண்டும்.

அளவுகோல், போரில் பொதுமக்களையும் கைதிகளையும் காக்கும் 1949 ஜெனீவா ஒப்பந்தங்களில் இருக்கிறது. ஹமாஸ் பிணைக்கைதிகளைப் பிடித்தது அதன்படி குற்றம். அதைக் காட்டி எதிர்த்தரப்பு தன் கடமையிலிருந்து நழுவ முடியாது. போர்ச் சட்டத்தில் வரும் ‘விகிதாசாரம்’ என்ற சொல்லில் இரு பக்கத்தாரும் தடுக்கி விழுகிறார்கள். இருதரப்புச் சாவுகளை எண்ணி ஒப்பிடுவது அல்ல அது. ஒரு தாக்குதலில் எதிர்பார்த்த ராணுவப் பயனோடு பார்க்கையில், பொதுமக்களுக்கு நேரும் என்று தெரிந்த இழப்பு மிதமிஞ்சியதா என்பதே கேள்வி.

‘நாங்கள் ஜனநாயகம்’ என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். அதனாலேயே அதற்குச் சான்று கேட்கிறேன். 1982-இல் பெய்ரூத்தில் பாலஸ்தீன அகதிகள் வாழ்ந்த சப்ரா, ஷட்டிலாவில், இஸ்ரேல் ராணுவம் உள்ளே விட்ட ஃபலாஞ்சிஸ்டுகள் என்ற லெபனான் கிறிஸ்தவ ஆயுதப் படையினர் படுகொலை செய்தார்கள். இஸ்ரேல் அமைத்த கஹான் ஆணையம், மறு ஆண்டே தன் நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் ஏரியல் ஷரோன் மீதும் பொறுப்பைச் சுமத்தியது. அவர் பாதுகாப்பு அமைச்சர் பதவியை இழந்தார். பிரிட்டனோ, 1972-இல் வட அயர்லாந்தின் டெரி நகரில் தன் ராணுவம் சுட்டுக் கொன்றவர்கள் நிரபராதிகள் என்று ஏற்க 2010 வரை எடுத்துக்கொண்டது. ஆகவே நண்பரிடம் கேளுங்கள்: இந்தத் தாக்குதலை விசாரித்தது யார், அறிக்கை எங்கே, பதவி இழந்தவர் யார்?

உங்களுக்கும் ஒரு பயிற்சி. குற்றச்சாட்டை ஒரு தாளில் எழுதி, நாட்டின் பெயரை அடித்துவிடுங்கள். அங்கே ரஷ்யா, சிரியா, ஹமாஸ், இஸ்ரேல் என்று ஒவ்வொன்றாகப் போட்டு வாய்விட்டு வாசியுங்கள். எந்தப் பெயரில் குரல் தயங்குகிறதோ, அங்கே நிறுத்தி வாக்கியத்தைத் திருத்துங்கள்.