மூன்று நாள் மலைப்பயணத்துக்கு ஒரு வருடத் தவணையா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்தில் இருக்கிறோம். என் கணவர் மாங்கூழ் தொழிற்சாலைகளுக்கு லோடு வண்டி ஓட்டுகிறார். சீசனில் மாதம் 35,000 ரூபாய் வரை வரும், மற்ற மாதங்களில் 16,000தான். நான் வீட்டில் தைத்து 4,000 சம்பாதிக்கிறேன். சீசன் பணத்தில் 20,000 மிச்சம் இருக்கிறது. அதில் அக்டோபரில் பள்ளி வேனுக்கு 5,000 கட்ட வேண்டும். காலாண்டு விடுமுறையில் பிள்ளைகளை (மகளுக்கு 11 வயது, மகனுக்கு 4) மூன்று நாள் ஊட்டிக்குக் கூட்டிப்போக ஆசை. மகளுக்கு மலை ரயிலில் ஏற வேண்டுமாம். ஆப்பில் 30,000 கடன் வாங்கி, வாடகைக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போகலாம் என்கிறார் கணவர். 28 மாதமாக மாதம் 1,500 கட்டிவரும் போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யை எடுக்கலாமா என்று நான் யோசிக்கிறேன். எது சரி?

பதில்: இரண்டுமே வேண்டாம் சகோதரி. ஆனால் பயணம் கட்டாயம் போங்கள். சீசன் முழுக்கத் தூக்கம் கெட்டு உழைத்த குடும்பம் மூன்று நாள் குளிரில் இருந்துவிட்டு வருவதை நான் வீண்செலவு என்று சொல்லமாட்டேன்.

முதலில் ஆர்.டி. மூன்று வருடம் முடியாமல் போஸ்ட் ஆபீஸில் அதை முடிக்கவே முடியாது. உங்களுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதற்குப் பிறகு முடித்தாலும் 6.7 சதவீத வட்டி கிடைக்காது, சாதாரண சேமிப்புக் கணக்குக்கான 4 சதவீதம்தான். ஒரு வருடம் தவறாமல் கட்டியவர்களுக்கு இருப்பில் பாதி வரை கடன் உண்டு. ஆர்.டி. வட்டியோடு 2 சதவீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவு என்றால் நானே அதை எடுக்கச் சொல்வேன். ஊர் சுற்ற வேண்டாம்.

அடுத்து ஆப் கடன். ஆண்டு வட்டி 24 சதவீதம் என்று வைத்தாலும் 30,000 ரூபாய்க்கு மாதம் சுமார் 2,837 வீதம் பன்னிரண்டு தவணை, மொத்தம் 34,000 சொச்சம். பல ஆப்களில் செயலாக்கக் கட்டணத்தை முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள், கையில் முழுப் பணம் வராது. வட்டியைவிட எனக்குக் கவலை, தவணை விழும் மாதங்கள்தான். தை மாதம் தோப்பில் மா பூத்துக்கொண்டிருக்கும்போது உங்கள் வீட்டு வருமானம் 20,000. அதில் ஆர்.டி.க்கு 1,500, ஆப்புக்கு 2,837. மிச்சத்தில் வாடகை, மளிகை, கேஸ் எல்லாம் பார்க்க வேண்டும். ஒரு தவணை தவறினால் அபராதம் ஏறும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் அடிவாங்கும். நாளைக்கு உங்கள் கணவர் சொந்த வண்டிக்குக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

சரி, கையில் இருப்பதில் எங்கே போகலாம்? இந்த வருடம் ஏற்காடு. உங்கள் ஊரிலிருந்து ஊட்டி ஏறக்குறைய 350 கிலோமீட்டர். சேலம், கோவை என்று பஸ் மாறிப்போனால் போக ஒரு நாள், வர ஒரு நாள் போய்விடும், நடுவில் ஒரு நாள்தான் ஊட்டி. ஏற்காட்டுக்கோ, தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் புதிய பஸ் நிலையத்தில் மாறினால், அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாடு மலையில்.

சின்ன வயதில் அப்பா எங்களை அப்படித்தான் தர்மபுரியிலிருந்து கூட்டிப்போனார். அம்மா தூக்குப்போசியில் புளிசாதம் கட்டி வந்தார். வாந்தி வராமல் இருக்க ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கையில். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் நானும் அண்ணனும் சத்தமாக எண்ணினோம். பாதி மலையில் ஜன்னல் கம்பி திடீரென்று சில்லென்று ஆனது இன்னும் விரலில் இருக்கிறது. அன்று அப்பாவிடம் எவ்வளவு பணம் இருந்தது என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது.

மொத்தம் 9,000 ஒதுக்குங்கள். பஸ்ஸுக்கு 1,000 தாராளம். அரசு பஸ்ஸில் 5 வயதுக்குக் கீழ் டிக்கெட் இல்லை, மகளுக்கு அரை டிக்கெட். இரண்டு இரவு அறைக்கு 4,000, சாப்பாட்டுக்கு 2,500, படகு, ஆட்டோவுக்கு 1,500. மலைப்பயணத்தில் பஸ் டிக்கெட்டால் யாரும் கடனாளி ஆவதில்லை, பணம் கரைவது அறையிலும் உள்ளூர் வண்டியிலும்தான். அதனால் சனி, ஞாயிறையும் ஆயுத பூஜை நாட்களையும் தவிர்த்து, திங்கள் கிளம்பிப் புதன் திரும்புங்கள். அறையை ஏரிக்கும் ஒண்டிக்கடைக்கும் பக்கத்தில் பாருங்கள். ஏரியும் கடைத்தெருவும் நடக்கிற தூரம். சேர்வராயன் கோயில், பகோடா பாயிண்ட் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆட்டோ பேசுங்கள். ஏறும் முன்பே தொகையையும் காத்திருக்கும் நேரத்தையும் பேசி முடித்துவிட வேண்டும்.

வேன் பணம் போக 6,000 மிஞ்சும். அதைத் தொடாதீர்கள். மழைக்கால மாதங்களுக்கு உங்களிடம் இருக்கும் ஒரே கையிருப்பு அதுதான்.

அப்புறம் மலை ரயில். மகளிடம் 'அடுத்த வருடக் காலாண்டு லீவு' என்று நாள் குறித்தே சொல்லுங்கள். இதற்காக இன்னொரு ஆர்.டி. தொடங்க வேண்டாம். மாதாமாதம் ஒரே தொகை என்பது சம்பளக்காரர்களுக்குச் சரி, சீசன் வருமானத்துக்குப் பொருந்தாது. அடுத்த சீசனில் மூன்று மாதம், மாதம் 5,000 வீதம் தனிக் கணக்கில் போடுங்கள், 15,000 சேர்ந்துவிடும். மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறலாம். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும், அன்று காலையிலேயே எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகைக்குத் தள்ளினால் மண்சரிவால் ரயிலை நிறுத்திவிடுகிற நாட்களும் உண்டு. நீலகிரிக்குச் சொந்த வண்டியிலோ வாடகைக் காரிலோ போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும், பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை.

உங்கள் கணவரிடம் பேசும்போது 'கார் வேண்டாம், கடன் வேண்டாம்' என்று ஆரம்பிக்காதீர்கள். பிள்ளைகளைக் காரில் கூட்டிப்போக வேண்டும் என்ற அவர் ஆசையில் தப்பே இல்லை. ஆனால் மூன்று மாதமாக ராத்திரி பகல் பார்க்காமல் ஸ்டீயரிங் பிடித்த மனிதர் அவர். சேலத்தில் ஏற்காடு பஸ் ஏறியதும் ஜன்னல் ஓரத்து இடத்தை அவருக்குக் கொடுங்கள். இருபது வளைவையும் வேறு யாராவது ஓட்டட்டும்.