ராமேஸ்வரம் பக்கம் பவளப்பாறை பார்க்கப் போவதால் அது அழிகிறதா? அழிந்ததைத் திரும்ப வளர்க்க முடியுமா?

தாராளமாகப் போகலாம். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையைக் கெடுத்தவர்களை வரிசையாக நிறுத்தினால், சுற்றுலாப் பயணிகள் ரொம்பப் பின்னால்தான் நிற்பார்கள்.

நான் இந்தக் கரையோரத்துக்காரன். இங்கே முதல் எதிரி, பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் காளவாய்தான். தூத்துக்குடிப் பக்கம் பல பத்தாண்டுகளாகப் பவளத்தைக் கடப்பாரையால் பெயர்த்துப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்புக்குப் போனது போக, கட்டடக் கல்லாகவும் போனது. தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்தின் முன் நின்று எல்லோரும் படம் எடுக்கிறார்களே, அந்தச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள், பவளக்கல் தெரியும். பாறை போனதும் அலையைத் தடுக்க ஆளில்லை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் நீருக்குள் போய்விட்டன. மிச்சமிருப்பவற்றில் வான் தீவு 1986-இல் சுமார் 16 ஹெக்டேர். முப்பது வருடத்துக்குள் 2 ஹெக்டேருக்கும் கீழே தேய்ந்துவிட்டது.

1986-இலேயே கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்தாயிற்று. ஆனால் கல் எடுப்பது உண்மையில் நின்றது அதற்கு ரொம்பப் பிறகு. 2001-இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குச் சமமாக முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு, பாறையும் தீவும் கரைக்கு என்ன செய்கின்றன என்பது ஊர்க்காரர்களுக்கும் உறைத்தது.

சரி, திரும்ப வளர்க்க முடியுமா? முடியும். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் இதைச் செய்கிறது. நல்ல நிலையில் இருக்கும் பவளத்திலிருந்து சிறு துண்டுகளை எடுத்து, சிமென்ட் வில்லைகளில் கட்டி, கடலடியில் வைத்த சட்டங்களின் மேல் பொருத்துகிறார்கள். முருங்கைப் போத்து நடுவது மாதிரிதான். மான்கொம்பு போல் கிளைக்கும் வகை என்றால் வருடத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுக்குக்கூட வளரும். உருண்டையான பாறை வகை வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம்.

வேகமாக வளர்கிறது என்று நடுகிற அந்தக் கிளை வகைதான் சூட்டுக்கு முதலில் சாகிறது. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால், பவளத்துக்குள் குடியிருந்து நிறமும் உணவும் தரும் நுண்பாசி வெளியேறிவிடுகிறது. பவளம் வெளுத்துப்போகும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் பட்டினியில் சாகும். 2016 கோடையில் இங்கே உயிருள்ள பவளப் பரப்பு ஏறக்குறைய 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியது. அதனால் 'இத்தனை ஆயிரம் துண்டு நட்டோம்' என்ற செய்தியைப் பார்த்தால் நான் உடனே மகிழ்ந்துவிடுவதில்லை. இரண்டு கோடை கழித்து எத்தனை உயிரோடிருக்கின்றன என்று யாராவது சொன்னால் கேட்கலாம். மேலேயிருந்து சூடு, கரையிலிருந்து சாக்கடை, அடியில் கடல்தரையை வாரும் இழுவை வலை என்றிருக்கும் இடத்தில் நடுவது வீண் வேலை. ஏற்கெனவே இருப்பதைக் காப்பதுதான் மலிவு. அப்புறம் இன்னொரு பாசி விவகாரம் வேறு. வருமானத்துக்காக மண்டபம் பக்கம் கொண்டுவந்து வளர்த்த கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசி, குருசடைத் தீவில் பவளத்தின் மேலேயே போர்வையாகப் படர்ந்துவிட்டது. கையால் பிடுங்கினாலும் மிச்சத் துண்டிலிருந்து மறுபடி முளைக்கிறது.

உங்கள் பயணத்துக்கு வருகிறேன். தீவுகள் எல்லாம் பூங்கா எல்லைக்குள் வருவதால் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. பாம்பன் பக்கம் குந்துகாலிலிருந்து குருசடைக்கு வனத்துறையே படகு விடுகிறது, அதில் போங்கள். யாராவது மீனவர் 'தனியாகக் கூட்டிப்போய் பவளப்பாறை மேலேயே இறக்கிவிடுகிறேன்' என்றால் வேண்டாம் என்றுவிடுங்கள். ஆழம் குறைந்த இடத்தில் நங்கூரம் ஒருமுறை விழுந்தாலே பல வருட வளர்ச்சி நொறுங்கும், காலால் மிதித்தாலும் அதே கதைதான். கடையில் விற்கும் வெள்ளைப் பவளத்தை வாங்கவும் கூடாது, சட்டப்படி குற்றம்.

மே மாதம் தென்மேற்குக் காற்று கிளம்பிவிட்டால் தண்ணீர் கலங்கிவிடும், எதுவும் தெரியாது. ஜனவரி முதல் மார்ச் வரை வந்தால் நன்றாகப் பார்க்கலாம்.