ட்ரோலிங்குக்கும் உசிரு இரைக்கும் ஒரே தூண்டில் ரொட் போதுமா?

கேள்வி: அண்ணே, மச்சான் திருகோணமலையில போட் வச்சிருக்காரு, ஏப்ரல் லீவுக்கு நானும் போறேன். காலையில போட்ட ஓட்டிக்கிட்டே இரைய பின்னால இழுத்துட்டுப் போற ட்ரோலிங், அப்புறம் இஞ்சின நிப்பாட்டிட்டு உசிரோட சூடை மீன போட்டு பாரை பிடிப்பாங்களாம். ரெண்டு ரொட் வாங்க சம்பளம் பத்தாது. கடையில தடியா ஒன்ன காட்டி எல்லாத்துக்கும் இதுதான்னு சொல்றாங்க. எத வாங்குறது? அதையே இங்க மவுசாக்கலை நீர்த்தேக்கத்துலயும் போடலாமா? – வாசகர், மஸ்கெலியா

பதில்: தம்பி, தடியான ரொட்ட வாங்காதீங்க, நீங்க கேட்ட ரெண்டு வேலைக்குமே அது சரிவராது. ட்ரோலிங்ல போட் 5, 6 நொட் வேகத்துல போய்க்கிட்டு இருக்கும், அந்த நேரம் அறக்குளாவோ பாரையோ அடிச்சிட்டு திரும்பும்போது ரொட் வளைஞ்சு குடுக்கணும், குடுக்கலன்னா முள்ளு வாயக் கிழிச்சிக்கிட்டு வந்துரும். உசிரு இரைக்கும் அப்புடித்தான், நுனி விறைப்பா இருந்தா ஒவ்வொரு அலைக்கும் சூடைய வெடுக்கு வெடுக்குன்னு இழுக்கும், அது சீக்கிரமே செத்துப்போகும், பெரிய மீன் கவ்வினாலும் பாரத்த உணர்ந்து துப்பிட்டு போயிரும்.

அதனால நுனி மெதுவா வளையணும், நடுவுல இருந்து கீழ வலு இருக்கணும். லேபல்ல மீடியம் ஹெவி, மொடரேட் ஆக்‌ஷன், 20–40 றாத்தல் நூல்னு போட்டிருக்கிறத பாருங்க, நீளம் ஆறரையில இருந்து 7 அடி. முழு கிராஃபைட் லேசா இருக்கும், ஆனா போட்டோட விளிம்புல ஒரு தட்டு பட்டாலே உள்ளுக்குள்ள வெடிச்சிரும், பைபர் கிளாஸும் கிராஃபைட்டும் கலந்ததுதான் உங்களுக்கு நல்லது. ஹட்டன்ல பஸ் ஏறி கண்டி மாறி போறவருக்கு ஒரே துண்டு ரொட் பெரிய தொல்லை, கைப்பிடிக்கு பக்கத்துல கழட்டுற மாதிரி ரெண்டு துண்டு எடுங்க, நடுவுல கழட்டுறது வேணாம்.

லேபல மட்டும் நம்பாதீங்க. கடையிலயே வளையத்துக்குள்ள நூல விட்டு, ஒரு லீற்றர் தண்ணிப் போத்தல கட்டி ரொட்ட மெதுவா தூக்குங்க, நுனிப்பக்கம் அழகா வளைஞ்சு, கைக்கு கிட்ட வர வர நேரா நின்னா சரி, நுனி அசையவே இல்லன்னா திருப்பி வச்சிட்டு வாங்க. அப்புறம் கொஞ்சம் பஞ்ச எடுத்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் சுத்தி தேய்ச்சுப் பாருங்க, எங்கயாவது பஞ்சு மாட்டிச்சுன்னா அங்க கீறல் இருக்கு, அது மீன் இழுக்குற நேரம் பாத்து நூல அறுத்துரும்.

ரீல் கிளிக்கர் சத்தம் உள்ளதா இருக்கட்டும், உசிரு இரைய மீன் எடுத்துட்டு ஓடுறத காதாலயே தெரிஞ்சிக்கலாம். 30 றாத்தல் மொனோ நூல் (ஒரே இழை நைலோன்) போட்டா ட்ரேக்க, அதாவது மீன் இழுக்கும்போது ரீல் நூல விட்டுக் குடுக்குற இறுக்கத்த, 8, 9 றாத்தலுக்கு வைங்க, கொக்கித் தராசுல நூல மாட்டி இழுத்துப் பாத்தே வைக்கணும், கைக்கணக்கு வேணாம். பின்னல் நூல் அவ்வளவா நீளாது, ட்ரோலிங்குக்கு மொனோவே நல்லது. உசிரு இரைக்கு சர்க்கிள் முள்ளு (நுனி உள்பக்கமா வளைஞ்ச தூண்டில் முள்ளு) போட்டா வெட்டி இழுக்கக்கூடாது தம்பி, நூல் இறுகுற வரைக்கும் பொறுமையா சுத்துங்க, அது தானாவே கடைவாயில மாட்டிக்கும்.

மவுசாக்கலைக்கு இந்த ரொட் வேணாம். திலாப்பியா கொத்துறது கையில தெரியவே தெரியாது. அதுக்கு இப்ப இருக்கிற மூங்கில் தூண்டிலே போதும், மிச்சக் காச நல்ல ரீலுக்கு போடுங்க.