நகரத்தின் விவசாயிகள்

வணக்கம் ஐயா,
மாடித்தோட்டம் போட்டிருக்கிறேன், கீரையும் தக்காளியும் வருகின்றன. நகர விவசாயம் நம் நாட்டுக்கு இனிமேல்தான் வர வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். மானுடவியலாளராகச் சந்தை சந்தையாக அலைந்தவர் நீங்கள். மாடித்தோட்டங்களால் ஒரு நகரத்துக்குச் சோறு போட முடியுமா?
ம., சென்னை

அன்புள்ள ம.,

உங்கள் தக்காளி நன்றாகக் காய்க்கட்டும். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாடியில் ஊருக்குப் போதுமான நெல்லும் பருப்பும் விளையாது, அதனால் சோறு போட முடியாது, அதை விடுங்கள். ஆனால் 'இனிமேல்தான் வர வேண்டும்' என்ற வரியைப் படித்ததும் கோபம் வந்தது. யார் கண்ணுக்கு இன்னும் வரவில்லை?

கொல்கத்தாவின் கிழக்கு ஓரத்தைப் போய்ப் பாருங்கள். நகரத்தின் சாக்கடை நீர் கால்வாய் வழியாக வந்து ஆழமில்லாத குளங்களில் நிற்கிறது, பேரி என்பார்கள். வெயிலும் பாசியும் பாக்டீரியாவும் அதைச் சுத்தம் செய்ய, அதிலேயே ரோகு, கட்லா மீன்கள் வளர்கின்றன. பக்கத்தில் தாபா என்ற பகுதியில், நகரத்துக் குப்பை மக்கிய மண்ணில் காலிஃபிளவர். நான் களப்பணிக்குப் போயிருந்தபோது ஒரு பெரியவர் குளத்து நீரைக் கையில் அள்ளி நிறம் பார்த்துவிட்டு, மடையைத் திறக்க இன்னும் இரண்டு நாள் பொறுக்கணும் என்றார். எந்தக் கருவியும் இல்லை. துருவஜோதி கோஷ் என்ற அரசுப் பொறியாளர் 1980களில் இந்த மனிதர்களிடம் பாடம் கேட்டுத்தான் இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். 2002இல் இந்தச் சதுப்பு நிலத்தின் 12,500 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

கன உலோகம் கலக்கிறதே என்பீர்கள். கலக்கிறது. தோல் பதனிடும் தொழிற்சாலை வாசலிலேயே தடுக்க வேண்டியதை மீன் வளர்ப்பவர் தலையில் கட்டாதீர்கள்.

எனக்குக் கவலையெல்லாம் நிலம்தான். 1960களில் இந்தச் சதுப்பை மண்ணடித்து மேடாக்கித்தான் சால்ட் லேக் என்ற குடியிருப்பு நகரம் எழுந்தது. இப்படி நிலத்தை மாற்றக் கூடாதென்று 1992இல் கொல்கத்தா உயர்நீதிமன்றம் தடை போட்ட பிறகும் ஓரங்களில் குளங்கள் தூர்ந்து கட்டடங்கள் முளைக்கின்றன. நகரத்தின் கழிவை வாங்கிக்கொண்டு மீனும் காயும் தருகிறவர்களில் பெரும்பாலோர் கூலிக்கும் குத்தகைக்கும் உழைப்பவர்கள். நிலம் கைமாறினால் அந்தப் பெரியவரின் கணக்கும் சேர்ந்து போய்விடும், அதை எந்தப் பயிற்சி முகாமிலும் திரும்ப வாங்க முடியாது. மண் கலவைக்கும் வளர்ப்புப் பைக்கும் இவ்வளவு பேசுகிறவர்கள் இதைப் பற்றி ஏன் வாயே திறப்பதில்லை?

உங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் அம்மாவிடம் அது எங்கே விளைகிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? கேளுங்கள். அந்த நிலம் யாருடையது, குத்தகை எதுவரை என்றும் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.