நெதர்லாந்தின் லெய்டன் போன்ற பழைய ஊரில் குடியிருப்பவர்கள், அதன் வரலாற்றையும் பண்பாட்டையும் அன்றாட வாழ்க்கையில் எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்?

கேள்வி கேட்டவர் அடுத்த வருடம் வேலைக்காக லெய்டனுக்கு வரப்போவதாக எழுதியிருக்கிறார். மியூசியங்களை ஒரு மாதத்தில் பார்த்து முடித்துவிடலாம், அதற்கு அப்புறம் என்ன என்பது அவர் கவலை. நான் இங்கே வந்து ஏழு வருடம் ஆகிறது. சொந்த ஊர் நாகப்பட்டினம் பக்கம். என்னைக் கேட்டால், சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள் என்பேன். ஒரு பெரும் பசியை 450 வருடமாக மறக்காமல் வைத்திருக்கும் ஊர் இது. அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகத் தானே பிடிபடும்.

நான் வந்த வருடம், அக்டோபர் 2 மாலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் மாடிப்படி முழுக்க வெங்காயமும் கேரட்டும் வேகும் வாசனை. கீழ் வீட்டில் தனியாக இருக்கும் பாட்டி கதவைத் தட்டி ஒரு கிண்ணத்தைக் கொடுத்தார். (இங்கே வயதானவர்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. எழுதும்போது பாட்டி என்று எழுதத்தான் மனம் வருகிறது.) உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் மூன்றையும் வேகவைத்து மசித்து, மேலே மெதுவாக வெந்த மாட்டிறைச்சி. பெயர் ஹுட்ஸ்பாட். நான் இறைச்சியை ஒதுக்கிவிட்டு மசியலை மட்டும் சாப்பிட்டேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "நாளை காலை வா, மீனும் ரொட்டியும் வாங்கப் போகலாம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஊருக்கே விடுமுறை. பழைய எடை மண்டபமான வாக் கட்டடத்தின் முன்னால் வரிசையில் நின்று ஹெரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் வாங்கினோம். எதற்காக இது என்று பாட்டி வரிசையில் நிற்கும்போதே சொல்லிக்கொண்டு வந்தார்.

1574 மே மாதக் கடைசியில் ஸ்பெயின் அரசனின் படை லெய்டனைச் சுற்றி வளைத்தது. ஊருக்குள் தானியம் தீர்ந்தது. நாய், பூனை, எலி வரைக்கும் தின்றார்கள். பசியிலும் கொள்ளைநோயிலும் சுமார் 6,000 பேர் செத்துப்போனார்கள். ஊரின் மொத்த ஜனத்தொகையில் அது மூன்றில் ஒரு பங்கு. வெளியிலிருந்து உதவிக்கு வர வழியில்லாததால், ஸ்பெயினுக்கு எதிரான கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய ஆரஞ்சு வில்லியமின் ஆட்கள் ஆற்றுக் கரைகளை உடைத்து, வயல்களில் தண்ணீரை விட்டார்கள். அந்தத் தண்ணீரில் அடி தட்டையான படகுகளில் ஊர் வரைக்கும் வந்துவிடலாம் என்று திட்டம்.

இந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் காவிரிக் கடைமடைக்காரன். கரை உடையக் கூடாது என்று மழைக்காலத்தில் மண்வெட்டியும் மணல்மூட்டையுமாக இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள். சொந்த வயலைத் தாங்களே மூழ்கடிக்க முடிவெடுத்தவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அப்படிச் செய்தும் தண்ணீர் போதவில்லை, படகுகள் வழியிலேயே தரை தட்டி நின்றன. செப்டம்பர் கடைசியில்தான் புயல் அடித்து, கடல் ஏறி, தண்ணீர் உயர்ந்தது. அக்டோபர் 2 ராத்திரி ஸ்பெயின் படை முகாமை விட்டு ஓடியது. 3ஆம் தேதி காலை படகுகள் ஊருக்குள் வந்தன. அவற்றில் வந்த முதல் உணவு ஹெரிங் மீனும் வெள்ளை ரொட்டியும். ஸ்பெயின் படை கைவிட்டுப் போன கோட்டையில் ஒரு சிறுவன் கண்டெடுத்த பானையில் இருந்த காய்கறிக் குழம்புதான் ஹுட்ஸ்பாட் ஆனது என்பது செவிவழிக் கதை. அந்தப் பானை என்று சொல்லப்படுவதை லாக்கன்ஹால் மியூசியத்தில் இன்றும் பார்க்கலாம். உருளைக்கிழங்கு அப்போது இங்கே கிடையாது, அது பின்னாளில் சேர்ந்தது.

வரிசை நகர்ந்தது. பொட்டலத்தைக் கையில் வாங்கியதும் பாட்டி சொன்னார்: "எனக்கு ஆறு வயதாக இருந்தபோது நாங்கள் துலிப் கிழங்கு தின்றோம்." 1944-45 குளிர்காலத்தைச் சொல்கிறார். இரண்டாம் உலகப் போரில் நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மானியர்கள் மேற்கு நெதர்லாந்துக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். கால்வாய்கள் உறைந்தன. சுமார் 20,000 பேர் செத்தார்கள். கிழங்கின் நடுக்குருத்து நஞ்சு, அதைக் கிள்ளி எறிந்துவிட்டு வேகவைக்க வேண்டும் என்று விரல்களை மடக்கிக் காட்டினார். அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. இந்த ஊர் அக்டோபர் 3 அன்று சாப்பிடும்போது 1574ஐ மட்டும் நினைத்துக்கொண்டு சாப்பிடுவதில்லை.

அப்புறம் அந்த வசந்தத்தில் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்துக்குப் போனேன். முற்றுகை முடிந்த மறு வருடமே, 1575இல், தொடங்கிய பல்கலைக்கழகம் இது. தோட்டம் 1590இல் வந்தது. கிளூசியஸ் என்ற தாவரவியலாளர் 1593இல் இங்கே வந்து, நண்பர்களிடமிருந்து சேர்த்த துலிப் கிழங்குகளை நட்டார். நெதர்லாந்து என்றாலே உலகத்துக்கு நினைவுக்கு வரும் பூ, இந்த ஊரின் மண்ணிலும் அப்படித்தான் வேர்விட்டது. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாட்டியின் மடங்கிய விரல்கள்தான் கண்ணில் நின்றன. இதே தோட்டத்தைப் பின்னாளில் கவனித்துக்கொண்ட பால் ஹெர்மன் என்பவர் 1670களில் கொழும்பில் டச்சுக் கம்பெனி வைத்தியராக இருந்து, இலங்கைச் செடிகளைக் காயவைத்துச் சேகரித்தவர். இலங்கைத் தாவரங்களைப் பற்றிப் பின்னால் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் எழுதியது அந்தச் சேகரிப்பை வைத்துத்தான்.

சரி, அடுத்தது ஒரு வெற்றிடம். வேலைக்கு வந்தால் மதியம் ரொட்டியை எடுத்துக்கொண்டு வான் டெர் வெர்ஃப் பூங்காவுக்குப் போய் உட்காருங்கள். நடுவில் நிற்கும் சிலை, முற்றுகைக் காலத்தில் மேயராக இருந்தவருடையது. சரணடையலாம் என்று கூச்சலிட்ட மக்களிடம், "பசித்தால் என் கையை வெட்டித் தின்னுங்கள், ஊரை விடமாட்டேன்" என்றாராம். இதுவும் செவிவழிக் கதைதான். நான் ஒரு வருடம் தினமும் அங்கே சாப்பிட்ட பிறகுதான் வேறொரு கேள்வி தோன்றியது. வீடுகள் ஒன்றையொன்று உரசி நிற்கும் ஊரில், கால்வாய்க் கரையில், நட்டநடுவே இவ்வளவு பெரிய காலி இடம் எப்படி வந்தது?

1807 ஜனவரி 12. வெடிமருந்து ஏற்றிய படகு ஒன்று இங்கே கால்வாயில் கட்டிக் கிடந்தது. உள்ளே சுமார் 17,000 கிலோ. மாலை நாலேகால் மணிக்கு வெடித்தது. 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், 200க்கும் மேற்பட்ட கட்டடங்கள் தரைமட்டமாயின. வெகுகாலம் அந்த இடத்தை 'இடிபாடு' என்றே சொல்லிவந்தார்கள். ஒரு கரையில் பூங்கா வந்தது, எதிர்க்கரையில் ஆய்வுக்கூடம். அந்த ஆய்வுக்கூடத்தில்தான் இயற்பியலாளர் காமர்லிங் ஒன்னஸ் 1908 ஜூலை 10 அன்று முதன்முதலாக ஹீலியத்தைத் திரவமாக்கினார். கழித்தல் 269 டிகிரி செல்சியஸ், அன்று பூமியிலேயே மிகக் குளிர்ந்த இடம் அதுதான். 1911இல் மீக்கடத்துத்திறனை, அதாவது கடுங்குளிரில் சில உலோகங்களில் மின்சாரம் தடையே இல்லாமல் பாய்வதை, கண்டதும் அங்கேதான். ஆனால் அதற்கு முன்னால், 1895இல், அழுத்தம் ஏற்றிய வாயு உருளைகளைப் பார்த்து நகர நிர்வாகம் பயந்துபோய்த் தடுத்தது. எண்பத்தெட்டு வருடம் ஆகியும் வெடித்த படகு யாருக்கும் மறக்கவில்லை. மூன்று வருடம் போலப் பெரிய சோதனைகள் நின்றே போயின. ஒன்னஸ் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் பயந்தவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அவர்கள் பாட்டன்மார் அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டவர்கள். இன்று அந்தக் கட்டடம் சட்டத்துறையிடம் இருக்கிறது.

ஆகவே நான் சொல்லும் முறை இதுதான். ஒரே வழியில் தினமும் நடங்கள். எங்கே இடம் காலியாக இருக்கிறதோ, எங்கே தெரு காரணமில்லாமல் வளைகிறதோ, அங்கே நின்று ஏன் என்று கேளுங்கள். ஊர்க்காரர்களுக்குப் பதில் தெரியும். சொல்வதற்கு ஆசையும் உண்டு. கொஞ்சம் டச்சு கற்றுக்கொண்டால் போதும், உடைந்த டச்சில் கேட்டாலும் பொறுமையாகப் பேசுவார்கள்.

சுவர்களையும் பாருங்கள். 1992இல் ரஷ்யக் கவிஞர் மரீனா ஸ்வெடேவாவின் கவிதையை ஒரு வீட்டுச் சுவரில் ரஷ்ய எழுத்திலேயே எழுதினார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட சுவர்களில் கவிதைகள், அந்தந்த மொழியில், அந்தந்த எழுத்தில். புரியாத எழுத்தை நடுத்தெருவில் மதித்து எழுதிவைக்கும் ஊர் எனக்குப் பிடிக்கிறது. சில சுவர்களில் இயற்பியல் சமன்பாடுகளும் உண்டு.

தெருவோரச் சின்னக் கதவுகளைத் தள்ளிப் பாருங்கள். திறந்தால் உள்ளே ஒரு முற்றம், சுற்றிலும் குட்டி வீடுகள். ஹோஃப்யே என்பார்கள். ஏழை முதியவர்களுக்காகப் பணக்காரர்கள் சொத்து எழுதிவைத்துக் கட்டியவை, ஊரில் முப்பத்தைந்து இருக்கின்றன. இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு போக வேண்டும்.

புதன், சனி இரண்டு நாளும் கால்வாய்க் கரையில் சந்தை. அங்கே லெய்டன் பாலாடைக்கட்டி வாங்குங்கள். அதில் சீரகம் போடுகிறார்கள்! முதல் தடவை வாயில் போட்டபோது அம்மாவின் ரசம் நினைவுக்கு வந்து கண் கலங்கிவிட்டது. இந்தப் பக்கத்து விவசாயிகள் பாலாடையை எடுத்து வெண்ணெயாக்கி விற்றுவிட்டு, மிச்சப் பாலில் செய்த கட்டி இது. கொழுப்பு குறைவு என்பதால் கெட்டியாக, வறண்டு இருக்கும், ருசிக்குச் சீரகம். மேல்தோலில் குறுக்காக வைத்த இரண்டு சாவிகள் பதிந்திருந்தால் அது நிஜமான பண்ணைக்கட்டி. அந்தச் சாவிகள்தான் ஊரின் சின்னமும்.

தமிழர்கள் இந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் கேட்பது செப்பேடுகளைத்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். நம் வரலாற்றுப் புத்தகங்களில் லெய்டன் செப்பேடுகள் என்று வருபவை, ஆனைமங்கலம் செப்பேடுகள். பெரியது 21 ஏடுகள், ஐந்து வடமொழியில், பதினாறு தமிழில். சின்னது மூன்று ஏடுகள், குலோத்துங்கன் காலத்தது. டச்சுக் கம்பெனி நாகப்பட்டினத்தைக் கையில் வைத்திருந்த காலத்தில் நம் கரையை விட்டுப் போய், 1862இல் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தவை. ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த சேதி பெரிய ஏடுகளில் இருக்கிறது. ஆனைமங்கலம் எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. அந்த ஊர்க்காரர்கள் என் அப்பாவிடம் விதைநெல் வாங்கியிருக்கிறார்கள். என் மனசுக்கு அவை அந்த மண்ணோடு சேர்ந்தவை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒருநாள் பாட்டியிடம் போனில் செப்பேட்டுப் படத்தைக் காட்டினேன். பெரிய வளையத்தில் கோத்த ஏடுகளை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதில் என்ன எழுதியிருக்கிறது, போரா?" என்று கேட்டார். போர் இல்லை, நெல் கணக்கு என்றேன். அந்த ஊரிலிருந்து வருடத்துக்கு 8,943 கலமும் சில்லறையும் நெல் வர வேண்டும் என்று நாழி வரைக்கும் எழுதியிருக்கிறது.

"எத்தனை பேர் சாப்பிடலாம்?"

அதை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு கலத்துக்கு 96 நாழி. ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு நாழி நெல் என்று வைத்தால், ஆயிரம் பேருக்கு மேல் ஒரு வருடம் சாப்பிடலாம். பாட்டி கணக்கைச் சந்தைப் பையின் பின்பக்கம் எழுதி, ஒருமுறை சரிபார்த்தார்.

"அந்த வயல் இன்னும் இருக்கிறதா?"

இருக்கிறது என்றேன். போன மாதம்தான் அறுவடை முடிந்தது.