லிங்கனும் அவருடைய போட்டியாளர்களும்: கேள்வி பதில்

கேள்வி: 1860-ல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆவதற்குத் தன்னோடு மோதியவர்களையே அமெரிக்க அதிபர் லிங்கன் அமைச்சர்களாக்கியது பெருந்தன்மையா?

பதில்: பெருந்தன்மை உண்டு, தேவை அதைவிடப் பெரிது. கட்சி பிறந்து சில வருடங்களே ஆகியிருந்தன. கலைந்துபோன பழைய விக் கட்சிக்காரர்கள், ஜனநாயகக் கட்சியிலிருந்து வந்தவர்கள் என்று உள்ளே பல கோஷ்டிகள். அப்படி மோதியவர்களில் வெளியுறவு அமைச்சரான சீவர்டையும் நிதியமைச்சரான சேஸையும் வெளியே நிறுத்தியிருந்தால் அவர்களுடைய ஆட்களும் விலகி நின்றிருப்பார்கள்.

கேள்வி: சீவர்ட் தானே ஆட்சி நடத்தப் பார்த்தாராமே?

பதில்: ஆரம்பத்தில் ஆமாம். அரசுக்குக் கொள்கையே இல்லை, பொறுப்பை ஏற்கத் தயங்க மாட்டேன் என்று 1861 ஏப்ரல் 1 அன்று அதிபருக்கே குறிப்பு அனுப்பினார். செய்ய வேண்டியதை நானே செய்ய வேண்டும் என்பது லிங்கனின் பதில். அப்புறம் இருவரும் நெருங்கிய நண்பர்கள்.

கேள்வி: குழி பறித்த சேஸை ஏன் பொறுத்துக்கொண்டார்?

பதில்: நிதியமைச்சராக, தென் மாநிலங்களுடனான உள்நாட்டுப் போருக்குப் பணம் திரட்டியவர் சேஸ்தான். அதோடு, கட்சியின் தீவிர அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் அவர் பக்கம். 1862 டிசம்பரில், ஃப்ரெடரிக்ஸ்பர்க் போர்க்களத்தில் லிங்கனின் படை தோற்ற பிறகு, சீவர்டை நீக்கச் சொல்லி செனட்டர்கள் குழு ஒன்று வந்தது. அமைச்சரவையை அதிபர் கலந்தாலோசிப்பதே இல்லை என்று அவர்களிடம் முணுமுணுத்து வந்தவர் சேஸ். சீவர்ட் ஏற்கெனவே ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டார். லிங்கன் மறுநாள் இரவே செனட்டர்களை மீண்டும் அழைத்து, சீவர்ட் தவிர்த்த அமைச்சரவையை அவர்கள் எதிரே உட்காரவைத்தார். சக அமைச்சர்கள் முன்னால் சேஸால் குற்றச்சாட்டைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை. கலந்தாலோசனை நடப்பதாகவே ஒப்புக்கொண்டார். அடுத்த நாள் அவரும் ராஜினாமா கடிதத்தோடு வந்தார். லிங்கன் அதை ஆவலோடு கையிலிருந்து வாங்கிக்கொண்டு, இரண்டு ராஜினாமாக்களையும் ஏற்க மறுத்துவிட்டார். இரு கோஷ்டிகளும் அரசுக்குள்ளேயே நின்றன. என் பார்வையில் அவருடைய ஆகச் சிறந்த காய்நகர்த்தல் இதுதான். 1864 ஜூனில் சேஸ் இன்னொரு முறை ராஜினாமா செய்தபோது ஏற்றுக்கொண்டார். அதே வருடம் டிசம்பரில் அவரையே உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக்கினார்.

கேள்வி: ஸ்டான்டன்?

பதில்: 1855-ல் சின்சினாட்டியில் ஒரு காப்புரிமை வழக்கில் லிங்கனை மதிக்காமல் ஒதுக்கிய வக்கீல். 1862 ஜனவரியில் அவரையே போர்த்துறை அமைச்சராக்கினார். நிர்வாகத்தில் அசுரன், சரியான தேர்வு.

கேள்வி: பதவி நீக்கிய தளபதி மெக்லெல்லனே 1864 தேர்தலில் எதிர்த்து நின்றபோது?

பதில்: தோற்றுவிடுவோம் என்றே ஆகஸ்டில் லிங்கன் நம்பினார். அப்படித் தோற்றாலும் புதிய அதிபர் பதவியேற்கும்வரை அவரோடு ஒத்துழைத்து நாட்டைக் காப்பது கடமை என்று எழுதி மடித்து, உள்ளே இருப்பதைக் காட்டாமலே அமைச்சர்களிடம் கையெழுத்து வாங்கினார். செப்டம்பரில் தெற்கின் முக்கிய நகரமான அட்லாண்டா லிங்கனின் படையிடம் வீழ்ந்ததும் நிலைமை மாறியது. அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர்களின் வாக்குகள் லிங்கனுக்கு 212, மெக்லெல்லனுக்கு 21.