என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்கள் நடத்தும் இணையவழிப் பாடங்கள்) சான்றிதழ் இருந்தால் கல்லூரி விருப்பப் பாடத்திலிருந்து விலக்குக் கிடைக்குமா?

பாடத்தை முடித்துச் சான்றிதழும் கைக்கு வந்த பிறகுதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சேருவதற்கு முன் துறைத்தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினீர்களா? நான் வாங்கவில்லை.

நான் படித்தது கிளவுட் கம்ப்யூட்டிங், 12 வாரம். விடுதியில் இரவு பத்து மணிக்கு இணையத்தைத் துண்டித்துவிடுவார்கள். அதனால் என் சொந்த டேட்டாவில்தான் பாதி வகுப்புகளைப் பார்த்தேன். (கட்டணம் வாங்கிக்கொண்டு மாணவன் படிக்கும் நேரத்தில் இணையத்தை நிறுத்துவது என்ன நியாயம்? இன்றும் ஆறவில்லை.) தேர்வுக்கு ஆயிரம் ரூபாய். மையம் மூன்று மணி நேரப் பஸ் பயணம். அசைன்மென்ட் 25, தேர்வு 75 என்ற கணக்கில் 81 வாங்கினேன். சான்றிதழில் எலைட், வெள்ளி என்ற தரம் கிடைத்தது.

கல்லூரி வாசலில் வைத்த பேனரில் என் படமும் இருந்தது. அதே வாரம் விண்ணப்பத்தோடு போனபோது, "முன் அனுமதி இல்லை, எங்கள் பட்டியலிலும் இந்தப் பாடம் இல்லை" என்று திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு ஏறக்குறைய அதே பாடத்திட்டத்தை விருப்பப் பாடமாக இன்னொரு முறை உட்கார்ந்து படித்துத் தேர்வெழுதினேன்.

"ஒரு பருவப் பாடங்களில் நாற்பது சதவீதம் வரை இணையவழிப் பாடங்களைச் சேர்க்கலாம் என்று விதியே இருக்கிறதே" என்று இங்கே சிலர் எழுதுவார்கள். இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் ஸ்வயம் என்ற மத்திய அரசு இணையத் தளத்தின் பாடங்களுக்கு (என்.பி.டி.இ.எல். அதில் அடக்கம்) 20 சதவீதம் என்றது, 2021-இல் அதை 40 ஆக்கியது. ஆனால் அது கல்லூரி எதுவரை அனுமதிக்கலாம் என்பதற்கான உச்சவரம்பு. எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்பதைக் கல்லூரியின் அல்லது பல்கலைக்கழகத்தின் கல்விக்குழுதான் முடிவு செய்கிறது. இது தெரியாமல் நான் அந்த விதியின் நகலை எடுத்துக்கொண்டு வாதாடப் போனேன்.

ஆசிரியர்களைப் பழிக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எனக்குப் பாடம் எடுத்தவர்கள் நல்லவர்கள். எல்லாரையும் சேரச் சொல்லி வகுப்பு வகுப்பாக வந்தவர்கள், அனுமதிப் படிவம் ஒன்று இருக்கிறது என்பதையும் அன்றே சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான் என் கோபம்.

நீங்கள் இன்றே உங்கள் ஆண்டு மாணவர்களுக்கான ரெகுலேஷனை (படிப்பு, தேர்வு விதிகள் அடங்கிய கையேடு) வாங்கி, இணையவழிப் பாடம் பற்றிய பிரிவைப் படியுங்கள். சான்றிதழ் நகலோடு துறைத்தலைவர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு விண்ணப்பம் கொடுங்கள். விருப்பப் பாடப் பதிவு முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நான் அதையும் கேட்காமல் வந்துவிட்டேன்.